ஆர்.இ.எம்: நாலு பங்கு (கடிதம்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆர்.இ.எம். என்ற அமெரிக்க ராக் இசைக்குழு பற்றிய குறிப்பில் 'ஒரே பாட்டில் மேலே வந்தவர்கள் அல்ல' என்று எழுதியிருந்தீர்கள். எனக்குத் தெரிந்து 1991இல் 'லூசிங் மை ரிலிஜன்' வந்த பிறகுதான் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. அதுவரை என்ன செய்துகொண்டிருந்தார்கள்? எல்லாப் பாட்டுக்கும் நால்வர் பெயரையும் போட்டு, வருமானத்தைச் சமமாகப் பிரித்துக்கொண்டார்களாம். பாட்டை உண்டாக்கியவனுக்கும் டிரம்ஸ் வாசித்தவனுக்கும் ஒரே பங்கா? அநியாயம் இல்லையா? எந்த ஆல்பத்திலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விஷயம் உங்கள் இரண்டாம் கேள்வியில்தான் இருக்கிறது. முதலாவதைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன்.

1980 ஏப்ரலில், ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில், ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில் நடந்த பிறந்தநாள் விருந்துதான் முதல் மேடை. பாடகர் மைக்கேல் ஸ்டைப்பும் கிடார் வாசித்த பீட்டர் பக்கும் அங்கேயே குடியிருந்தார்கள். 1981இல் சின்னஞ்சிறு இசைத்தட்டு நிறுவனம் ஒன்றில் முதல் சிங்கிள் (தனிப்பாட்டு வெளியீடு). 1983இல் முதல் ஆல்பம் 'மர்மர்'. மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' ஊரையே ஆண்டுகொண்டிருந்த அந்த வருஷத்தில், ரோலிங் ஸ்டோன் இதழ் 'மர்மரை'த்தான் ஆண்டின் சிறந்த ஆல்பமாகத் தேர்ந்தெடுத்தது. விற்பனைப் பட்டியலில் அது 36ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. பிறகு வேனில் ஊர் ஊராகப் போய் வாசித்தார்கள். கல்லூரி வானொலிகள் அவர்களைக் கைவிடவில்லை. கிட்டத்தட்ட வருஷத்துக்கு ஒரு ஆல்பம் வந்தது. 1987இல் 'தி ஒன் ஐ லவ்' 9ஆம் இடம் வரை ஏறியது, அடுத்த ஆண்டு வார்னர் நிறுவனத்தோடு ஒப்பந்தம். நீங்கள் சொல்லும் பாட்டு இருப்பது ஏழாவது ஆல்பத்தில்!

அந்தப் பாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பக் அப்போதுதான் மாண்டலின் பழகிக்கொண்டிருந்தார். நாலு ஜோடியாக எட்டுக் கம்பிகள்; ஜோடிக்கு ஜோடி ச–ப இடைவெளி. கிடாரில் பழகிய விரல் அதே இடத்தில் விழுந்தால் வேறு ஸ்வரம் வரும், கை புதுசாகத்தான் யோசிக்க வேண்டும். பாட்டைத் தாங்கும் அந்தச் சுற்று அப்படிப் பிறந்ததுதான். தலைப்பில் மதத்தைத் தேடாதீர்கள். பொறுமை எல்லை கடந்துபோவதை அமெரிக்கத் தென்மாநிலங்களில் அப்படிச் சொல்வார்கள். வீடியோவை இயக்கிய தர்சேம் சிங், ஜலந்தரில் பிறந்தவர்.

இனி பங்கு. ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் உண்டு. மெட்டும் வரிகளும் சேர்ந்த ஆக்கம் ஒன்று, ஸ்டூடியோவில் பதிவான ஒலி இன்னொன்று. அமெரிக்காவில் சாதாரண ஏ.எம்., எஃப்.எம். வானொலி ஒரு பாட்டை ஒலிபரப்பினால், ஆக்கத்துக்கு மட்டும்தான் பணம் தரும். பாடியவருக்கோ வாசித்தவருக்கோ காலணா கிடையாது. (சாட்டிலைட், இணைய வானொலிக்கு விதி வேறு.) ஆக, ஆக்கியவர் பட்டியலில் பெயர் இல்லாத டிரம்மர், தன் பாட்டு நாள் முழுக்க வானொலியில் ஓடினாலும் வெறுங்கையோடு நிற்பார். ஒரே வேனில் தூங்கியவர்களில் ஒருவர் வீடு வாங்குவார், இன்னொருவர் வாடகை பாக்கி வைப்பார். அங்கிருந்து அடுத்த ஆல்பத்தில் யார் பாட்டு எத்தனை என்ற இழுபறி தொடங்கும். சுமாரான பாட்டும் உள்ளே நுழையும், ஏனென்றால் அது பாட்டல்ல, பங்கு.

ஆர்.இ.எம். அந்த இழுபறிக்கு இடமே வைக்கவில்லை. பெர்ரி (டிரம்ஸ்), பக், மில்ஸ் (பேஸ் கிடார்), ஸ்டைப் என்று ஆங்கில அகரவரிசையில் நாலு பெயர். முடிவுகளிலும் அப்படியே: ஒருவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

அநியாயமா என்கிறீர்கள். 'எவ்ரிபடி ஹர்ட்ஸ்' பாட்டின் இசை பெரும்பாலும் டிரம்மர் பில் பெர்ரியிடமிருந்து வந்தது. அதில் கிடைத்ததை அவர் மற்ற மூவரோடு பகிர்ந்துகொண்டார். சமபங்கில் யார் லாபம் பார்த்தார் என்பது பாட்டுக்குப் பாட்டு மாறும். ஆனால் நால்வரும் முழுநேரமாக உள்ளே இருந்தால்தான் இந்த ஏற்பாடு நிற்கும். ஒருவர் பாதி நேரம்தான் வருகிறார் என்றால் அதே சமபங்கு குழுவை உடைத்துவிடும். பங்கை எழுதிவைப்பதும் பாட்டு பதிவாகும் வாரத்திலேயே நடக்க வேண்டும், ஹிட்டான பிறகு எல்லோருடைய ஞாபகமும் தனக்குச் சாதகமாகவே வேலை செய்யும்.

1995 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் லொசானில் மேடையிலேயே பெர்ரிக்கு மூளை ரத்தக்குழாய்ச் சிக்கல் ஏற்பட்டது. அறுவை முடிந்து திரும்பி வந்தார், 1997இல் விலகினார். தன் விலகலால் குழு கலையக்கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. மற்ற மூவரும் 2011 வரை ஓட்டினார்கள். கலையும்போது வழக்கு இல்லை, வசை இல்லை.

கேட்க: 'மர்மரை' ஹெட்ஃபோனில் தொடங்குங்கள். குரல் வாத்தியங்களுக்குள் அமுங்கி இருக்கும், வரிகள் புரியாது. அது உங்கள் காதின் குற்றமல்ல, அப்படித்தான் செய்திருக்கிறார்கள். கிடார் கார்டுகளாக (பல கம்பிகள் ஒன்றாக ஒலிக்கும் ஸ்வரக் கூட்டாக) அடிக்கப்படாமல் கம்பி கம்பியாகப் பிரிந்து வருவதையும், மெட்டைப் பல இடங்களில் மைக் மில்ஸின் பேஸ் தூக்கிச் செல்வதையும் பின்தொடருங்கள். அடுத்து 'டாக்குமெண்ட்'. அப்புறம் 'ஆட்டோமேடிக் ஃபார் தி பீப்பிள்'. அதன் சில பாடல்களில் தந்தி வாத்தியங்களை அமைத்தவர் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் ஜான் பால் ஜோன்ஸ். பெரும்பகுதி 1995 சுற்றுப்பயணத்தின்போதே பதிவான 'நியூ அட்வெஞ்சர்ஸ் இன் ஹை-ஃபை' என் தேர்வு. பெர்ரி போனபின் வந்த 'அப்' ஆல்பத்தைக் கடைசிக்கு வையுங்கள். அவர் உட்கார்ந்த இடத்தில் டிரம் மெஷின் ஓடும். முன்னதெல்லாம் கேட்ட பிறகுதான் அந்தக் காலியிடம் காதில் விழும்.