600001-ஐக் கலைத்துப் போட்டால் எத்தனை எண்?

கேள்வி: சார், சென்னை ஜி.பி.ஓ. பின்கோடு 600001. இதன் இலக்கங்களை மாற்றிப் போட்டு எத்தனை ஆறிலக்க எண்கள் எழுதலாம்? எனக்கு 720 வந்தது. விடை 10 என்கிறார்கள்.

பதில்: 10 தான் சரி. ஆறு இலக்கமும் வெவ்வேறாக இருந்தால்தான் 6×5×4×3×2×1 = 720. இங்கே பூஜ்ஜியமே நான்கு. அவை தங்களுக்குள் இடம் மாறிக்கொள்ள 24 வழி உண்டு, ஆனால் எண் மாறாது. ஒவ்வொன்றையும் 24 தடவை எண்ணிவிட்டீர்கள். 720-ஐ 24-ஆல் வகுத்தால் 30. அதில் பூஜ்ஜியத்தில் தொடங்குபவை 20. அவை ஆறிலக்க எண்களே அல்ல. கழித்தால் 10.

நம்பிக்கை வரவில்லையா? 6 முன்னால் நின்றால் 1 உட்கார ஐந்து இடம். 1 முன்னால் நின்றால் 6 உட்கார ஐந்து இடம். அவ்வளவுதான், சூத்திரமே வேண்டாம்.

கேள்வி: என் சூட்கேஸ் பூட்டின் இலக்கங்கள் 0, 2, 2, 4. வரிசை மறந்துபோச்சு. எத்தனை தடவை திருப்பணும்?

பதில்: அதிகபட்சம் 12. பூட்டுக்கு 0224-உம் செல்லும், எதையும் கழிக்கக் கூடாது. இதையே ‘நான்கிலக்க எண்கள்’ என்று பரீட்சையில் கேட்டால் விடை 9. பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

கேள்வி: பைத்தான் என்ற கணினி மொழியில் 1122-க்கு பெர்மியூட்டேஷன்ஸ் (வரிசை மாற்றங்கள்) போட்டால் 24 வருகிறதே, அண்ணா?

பதில்: அது இலக்கத்தைப் பார்ப்பதில்லை தம்பி, இடத்தைத்தான் பார்க்கிறது. ஒரே மாதிரி இருப்பவற்றை ஒன்றாக்கிவிடும் ‘செட்’டுக்குள் போட்டால் 6 ஆகிவிடும்.

கேள்வி: 1729-ஐ மாற்றி எழுதினால் 4-ஆல் வகுபடுபவை எத்தனை?

பதில்: அழகான கேள்வி. மொத்தம் 24 எண்கள். இரட்டை எண் வேண்டுமென்றால் கடைசியில் 2 நின்றாக வேண்டும், அப்படி 6. அவற்றின் கடைசி இரண்டு இலக்கங்கள் 12, 72, 92. மூன்றுமே 4-ஆல் வகுபடும். ஆக இரட்டை எண்கள் ஆறுமே தேறிவிடும்.

கேள்வி: இப்படி மாற்றிப் போட்டு வரும் எல்லா எண்களையும் எழுதாமலே கூட்டுத்தொகை சொல்ல முடியுமா, ஐயா?

பதில்: முடியும். 1150-இல் பாஸ்கராச்சாரியார் எழுதிய லீலாவதி என்ற கணித நூலிலேயே வழி இருக்கிறது. அவர் எடுத்த கணக்கு: 4, 8, 5, 5, 5. மூன்று 5 இருப்பதால் 120-ஐ 6-ஆல் வகுத்து 20 எண்கள். ஒன்றின் இடத்தை மட்டும் பாருங்கள்: அங்கே 4 நான்கு தடவை, 8 நான்கு தடவை, 5 பன்னிரண்டு தடவை வரும். 16+32+60 = 108. பத்தின் இடத்திலும் நூறின் இடத்திலும் இதே 108 தான். எனவே 108×11111 = 1199988. உங்கள் 1729-க்கும் இப்படிப் போட்டால் 126654 வரும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.