ஸ்கூபா ரெகுலேட்டர்: உலோகமா, பிளாஸ்டிக்கா?

சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை இரண்டு நிலைகளில் குறைத்து, நீரில் மூழ்குபவர் சுவாசிக்கத் தரும் கருவியே ரெகுலேட்டர். அதில் வாயில் கவ்விக்கொள்ளும் இரண்டாம் நிலை பிளாஸ்டிக்கால் ஆனதென்றால் அது தரம் குறைந்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படிச் சொல்ல முடியாது. சிலிண்டரின் 200 பார் அழுத்தத்தை நேரடியாகத் தாங்கும் முதல் நிலை பெரும்பாலும் குரோமியம் பூசிய பித்தளையில்தான் செய்யப்படுகிறது; ஆகவே கேள்வி இரண்டாம் நிலையின் கூட்டைப் பற்றியது மட்டுமே.

உண்மையான வேறுபாடு வெப்பத்தில் இருக்கிறது. அழுத்தம் குறைந்து விரியும் காற்று கடுமையாகக் குளிர்வதால், ஐஸ்லாந்தின் சில்ஃப்ரா பிளவைப் போல 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் வரையே வெப்பமுள்ள நீரில், வால்வைச் சுற்றி ஈரம் உறைந்து, அது திறந்த நிலையிலேயே சிக்கிக்கொள்ள, காற்று இடைவிடாமல் கொட்டித் தீரும் ஆபத்து உண்டு. உலோகக் கூடு சுற்றியுள்ள நீரின் வெப்பத்தையும் வெளிவிடும் மூச்சின் வெப்பத்தையும் உள்ளுறுப்புகளுக்குக் கடத்துவதால் இந்த ஆபத்து குறைகிறது. இதனால்தான் தரமான பிளாஸ்டிக் மாதிரிகளிலும், குழாய் இணையும் இடத்தில் உலோக வெப்பக் கடத்திகளைப் பொருத்துகிறார்கள்.

உலோகத்தில் மூச்சின் ஈரம் படிவதால் வாய் வறட்சியும் சற்றுக் குறையும். ஆனால் அதன் எடை தாடையை அயரச் செய்யும். வெப்பமண்டலக் கடல்களில் மட்டும் மூழ்குபவருக்கு இலேசான பிளாஸ்டிக்கையே நான் பரிந்துரைப்பேன்.

டைட்டானியம் இலேசானது, அரிப்பையும் தாங்கும். ஆயினும் உயரழுத்த ஆக்சிஜனில் தீப்பற்றக்கூடியது என்பதால், 40 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் உள்ள கலவைகளுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது.