மனுப் போடாமல் வரும் உரிமை

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர்ப் பக்கம் செங்கல் சூளைக்கு வந்திருக்கும் ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு ஒன்பது வயது, தம்பிக்கு ஏழு. பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனேன். டிசி இல்லை, பிறப்புச் சான்றிதழ் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழந்தைகள் உரிமைக்கான ஐ.நா. உடன்படிக்கையில் நம் நாடும் இருக்கிறதே, அது சூளை வரைக்கும் வராதா?

ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் பிள்ளைகள் விஷயம். நாளைக்கே மறுபடியும் கூட்டிப்போங்கள். 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, டிசி வரவில்லை என்று சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்றும் மறுக்கக் கூடாது என்கிறது 14ஆம் பிரிவு. பெண்ணை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்தாலும் விடாதீர்கள். வயதுக்கேற்ற வகுப்பும், விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் அவள் உரிமை. அப்படியும் மறுத்தால் காரணத்தை எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தியா அந்த உடன்படிக்கையில் இணைந்தது 1992 டிசம்பரில். சட்டம், நிர்வாகம் என எல்லா வழியிலும் உரிமைகளை நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று அதன் 4ஆம் உறுப்பு அரசுகளைக் கட்டுப்படுத்துகிறது. நம்மிடம் சட்டத்துக்குப் பஞ்சமில்லை. யார் யாரைத் தேடிப் போக வேண்டும் என்பதில்தான் எல்லாம் தலைகீழாகக் கிடக்கிறது.

காலை உணவுத் திட்டத்தைப் பாருங்கள். 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை சிம்மக்கல் ஆதிமூலம் மாநகராட்சி தொடக்கப்பள்ளியில் தொடங்கியது. அடுத்த ஆண்டே மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கு விரிந்தது. அந்தத் தட்டில் விழும் கிச்சடிக்காக எந்தத் தாயும் மனு எழுதவில்லை. பட்ஜெட்டில் பணம், சமைக்க ஆள், பரிமாற நேரம் எல்லாம் அரசே முடிவு செய்துவிட்டது. பிள்ளை வந்து உட்கார்ந்தால் போதும். பசியைப் பொறுத்தவரை இங்கே உரிமை நடைமுறைக்கு வந்துவிட்டது என்று தைரியமாகச் சொல்வேன்.

சேர்க்கைக்கும் சட்டம் இதே வழியைத்தான் சொல்கிறது. தன் எல்லைக்குள் இருக்கும் 14 வயது வரையான பிள்ளைகளின் கணக்கை வைத்திருப்பதும், பிழைக்க வந்த குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பதும் உள்ளாட்சியின் கடமை என்று 9ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் தாய், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு கலெக்டர் ஆபீஸ் வாசலில் நிற்க வேண்டியிருக்கிறது. அவள் கல் அறுக்கப் போய்விட்டால் பிள்ளையும் கூடவே போய், காயும் கல்லைத் திருப்பிப் போடுகிறது.

மேலூர்ப் பக்கம் ஒரு தலைமை ஆசிரியையை எனக்குத் தெரியும். சீசன் தொடங்கியதும் ஒரு நோட்டோடு அவரே சூளைக்குப் போய்விடுவார். கொட்டகை கொட்டகையாகப் பெயர் எழுதுவார். கடைசியாகப் படித்த பள்ளி எது என்று கேட்டு, அந்தத் தலைமை ஆசிரியருக்கு அங்கிருந்தே போன் போட்டு, கல்வித் துறையின் இணையப் பதிவேடான எமிஸில் பிள்ளையின் பெயரை விடுவிக்கச் சொல்வார். டிசி பேச்சே எழாது. அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் அவருக்கு மாறுதல் வந்தால் அந்த நோட்டும் போய்விடும். அடுத்து வருபவர் போகாவிட்டால் ஏன் என்று கேட்க யாருமில்லை. அந்தச் சூளைப் பயணம் ஒருவருடைய நல்ல மனசாக இருக்கும்வரை அதை அரசு செய்ததாக நான் கணக்கில் எடுக்க மாட்டேன். இன்ன அலுவலர், இன்ன மாதம், இத்தனை சூளை என்று உத்தரவு இருக்க வேண்டும். போகாதவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

அடுத்த கிராம சபையில் இதைக் கிளப்புங்கள். ஊராட்சி எல்லைக்குள் இருக்கும் சூளைகளில் எத்தனை பிள்ளைகள், பட்டியல் எங்கே, யார் பொறுப்பு என்று கேட்டுத் தீர்மானமாக எழுத வையுங்கள். நகலைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். அதற்குள் எந்தப் பிள்ளையையாவது வேலையில் பார்த்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குக் கூப்பிடத் தயங்காதீர்கள்.

அன்புடன்.