சிவப்புப் பாக்கெட்டில் இருப்பது செர்ரியா, களாவா?

கேள்வி: அண்ணாச்சி, சீசனுக்குக் குற்றாலம் போயிருந்தோம். ஒரு கடையில் ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்த காட்டுச் செர்ரி’ என்று ஒட்டியிருந்த பாக்கெட்டை, ரத்தம் ஊறும் என்று சொல்லி 150 ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மாமியாருக்காக வாங்கினேன். ஒரே இனிப்பு, தொட்டால் விரலெல்லாம் சிவப்பு. இது நிஜமாகவே செர்ரிதானா? தினமும் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: ஒரு பழத்தைப் பிளந்து பாருங்கள், தங்கச்சி. செர்ரிக்கு நடுவில் ஒரே ஒரு உருண்டைக் கொட்டைதான். எடுத்திருந்தாலும் உருண்டையாக ஒரு குழி தெரியும். அதற்குப் பதிலாகச் சப்பை விதை ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தாலோ, பக்கத்தில் கீறி விதையைத் தோண்டிய தடம் இருந்தாலோ அது களாக்காய். பேக்கரி கேக்கின் மேல் செர்ரி என்று வைப்பதும் பெரும்பாலும் இதுதான். காயைக் கீறி, விதை நீக்கி, சாயமேற்றி, சர்க்கரைப் பாகில் ஊறப்போடுவார்கள். அசல் காட்டுச் செர்ரி ஐரோப்பா, மேற்காசியப் பக்கத்து மரம். நல்ல குளிர் இல்லாமல் காய்க்காது. நம் வெயிலுக்கு அது வராது.

செர்ரியின் பெருமையெல்லாம் அதன் கருஞ்சிவப்பு நிறத்தில் இருக்கிறது. அந்த நிறமிக்கு ஆந்தோசயனின் என்று பெயர். காட்டு ரகம் சின்னப் பழம் என்பதால், பெரிய செர்ரியை விட அதில் தோலின் பங்கு கூடுதல். துவர்ப்பும் நிறமும் அதனால்தான் தூக்கல். பாகில் கொதித்த காயில் இதைத் தேடிப் பயனில்லை. வீட்டிலேயே சோதிக்கலாம். பழத்தைத் தண்ணீரில் ஊறவைத்து, இறங்கிய சாயத்தில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். பழத்தின் சொந்த நிறமென்றால் நீலமாகவோ பச்சையாகவோ திரும்பும். கடைச் சாயம் பெரிதாக மாறாது. லேபிளில் 127 என்ற எண் இருந்தால் அது எரித்ரோசின் என்ற செயற்கைச் சிவப்புச் சாயம். நம் நாட்டில் அளவோடு அனுமதி உண்டு; அமெரிக்காவில் 2025 ஜனவரியில் உணவில் அதற்குத் தடை அறிவித்துவிட்டார்கள்.

‘ஆன்டிஆக்சிடன்ட் இத்தனை மடங்கு’ என்று எண் போட்டிருந்தாலும் அதை நம்பிக் காசு கொடுக்காதீர்கள். அமெரிக்க வேளாண் துறையே அப்படியொரு பட்டியலை வைத்திருந்து, விளம்பரக்காரர்கள் தப்பாகப் பயன்படுத்துகிறார்கள் என்று 2012இல் எடுத்துவிட்டது. சோதனைக் குழாயில் வரும் எண் உடம்புக்குள் அப்படியே நடப்பதில்லை.

மாமியாருக்குத் தினமும் இதைக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் தொடவே கூடாது. இதனால் ரத்தமும் ஊறாது. முருங்கைக்கீரை வைக்கும் அன்று கூடவே ஒரு நெல்லிக்காய் கொடுங்கள். அதிலுள்ள வைட்டமின் சி கீரையின் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். அடிக்கடி தலைசுற்றலோ களைப்போ இருந்தால் முதலில் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள்.

அந்த நிறமிதான் வேண்டுமென்றால் ஆடியில் நவ்வாப்பழம் வாங்குங்கள். நாக்கை ஊதாவாக்குவது அதே ஆந்தோசயனின் வகைதான். கறுக்கப் பழுத்த களாவிலும் உண்டு. களக்காட்டுக்குப் பெயரே களாவால் வந்தது என்பார்கள். நம் பழத்தைச் சாயத்தில் முக்கி வேறு பெயரில் நமக்கே விற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

பாக்கெட்டையும் பில்லையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். களாவைச் செர்ரி என்று லேபிள் ஒட்டி விற்பது, 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி தவறான முத்திரை. அபராதம் 3 லட்சம் ரூபாய் வரை போகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் செய்து சொல்லுங்கள், மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுதிக் கொடுங்கள்.