உள்ளூர் வம்சாவளிச் சங்கத்தின் வரலாற்றை எழுதச் சொல்கிறார்கள், எங்கிருந்து தொடங்குவது?

எங்கள் சங்கத்தின் பொன்விழா மலருக்கு இந்த வேலையைச் செய்தவன் என்பதால் பதில் சொல்கிறேன். நீங்கள் அநேகமாகச் செயற்குழுவுக்குப் புதியவர், "உங்களுக்குத்தான் எழுத வருமே" என்று தலையில் கட்டியிருப்பார்கள். கையில் தலைவர்கள் பட்டியல், சில குரூப் போட்டோக்கள், ஒரு கட்டு ஆண்டறிக்கை. சரிதானே?

அந்தப் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். கடைசிப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டால் போதும். அடுத்தவர் வீட்டுப் பூட்டனின் ஞானஸ்நானத் தேதி வரை தோண்டி எடுக்கிற நம் ஆட்கள், தங்கள் சங்கத்தில் யார் என்ன செய்தார்கள் என்று மட்டும் எழுதி வைக்கவே மாட்டார்கள். எங்கள் தீர்மானப் புத்தகத்தில் வருடா வருடம் ஒரே வரி: "கல்லறைப் பணி நடைபெற்று வருகிறது." மையின் நிறம்தான் மாறும்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் யார் என்று தேடியபோது பீரோவின் அடித்தட்டிலிருந்து கோடு போட்ட நோட்டுகள் வந்தன. ஒரு நாத்தனாரும் அண்ணியும், இரண்டு பேருமே எந்தப் பொறுப்பிலும் இருந்ததில்லை, இடுகாட்டுக் கற்களை வரிசை வரிசையாகப் படித்து எழுதியிருக்கிறார்கள். தேய்ந்த கல் என்றால் ஒருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்து வெயிலைப் பக்கவாட்டில் விழவைப்பார், எழுத்து நிழலோடு எழும்பி வரும், மற்றவர் எழுதிக்கொள்வார். படிக்க முடியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் புள்ளி வைத்து, ஓரத்தில் "3 அல்லது 8" என்று குறித்திருக்கிறார்கள். அந்தக் கற்களில் பல இன்று உடைந்து போய்விட்டன, மிச்சம் இந்த நோட்டுதான். மலர்க் குழுவோ அதை இரண்டு வரியில் முடித்துவிட்டு முன்னாள் தலைவர் படத்தை முழுப்பக்கம் போடச் சொன்னது. அப்படியானால் கட்டுரையில் என் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் நோட்டின் ஒரு பக்கத்தை அப்படியே படம் பிடித்து முழுப்பக்கம் போட்டார்கள். இன்றைக்கும் அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

தலைவர்கள் சும்மா இருந்தார்கள் என்று நான் சொல்லவில்லை, உடனே சண்டைக்கு வராதீர்கள். இடம் பிடித்து, சந்தா வசூலித்து, கூட்டம் கூட்டியது அவர்கள்தான். ஆனால் சங்கம் எதைப் படியெடுத்துக் காப்பாற்றியது என்பதற்கு அப்புறம்தான் அதெல்லாம்.

உங்கள் உறுப்பினர் எண்ணிக்கை ஏறி இறங்கிய வருடங்களை வெளியே நடந்ததோடு ஒட்டிப் பாருங்கள். பாஸ்டனில் 1845-இலேயே இப்படி ஒரு சங்கம் தொடங்கியாயிற்று, லண்டனில் 1911. அதெல்லாம் பெரிய இடத்து விஷயம். சாதாரண ஆட்களுக்கும் இந்த ஆர்வம் பரவியதில் அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி தன் மூதாதையரைத் தேடி எழுதிய 'ரூட்ஸ்' நாவல் 1977-இல் தொலைக்காட்சித் தொடராக வந்ததற்குப் பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவின் யூட்டா வம்சாவளிச் சங்கம் 1938 முதல் ஆவணங்களை மைக்ரோஃபிலிமில், அதாவது சின்னப் படச்சுருள்களில், எடுத்து வந்தது. அந்தச் சுருள்களை வரவழைத்துப் பார்க்கும் வசதி 2017-இல் நின்றது. எங்களிடம் சுருள் பார்க்கவென்றே வந்துகொண்டிருந்தவர்கள் அத்தோடு காணாமல் போனார்கள், வீட்டிலிருந்தே இணையத்தில் பார்க்க முடிகிறபோது யார் வருவார்கள்?

இணையம் என்றதும் ஒன்று சொல்லியே ஆகவேண்டும், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். அந்த நோட்டுகளிலிருந்து நாங்கள் தட்டச்சு செய்த அட்டவணையை யாரோ அள்ளிக்கொண்டு போய் ஒரு குடும்ப மரத்தில் ஒட்டியிருக்கிறார்கள். எங்கிருந்து எடுத்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. அதுகூடப் பரவாயில்லை, "3 அல்லது 8" என்றிருந்ததைத் தானாகவே 3 ஆக்கி, அப்பாவுக்கு முன்னால் மகனைப் பிறக்க வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்துப் பத்துப் பேர் நகலெடுத்தாயிற்று. திருத்தச் சொல்லி எழுதினால், "இணையத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று எங்களுக்கே பதில் வருகிறது!

சரி, உங்கள் வேலைக்கு வருகிறேன். பழைய பொருளாளர் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். சந்தா ரசீதின் அடிக்கட்டைகள் அவர் வீட்டுப் பரணில்தான் கிடக்கும், யார் எப்போது சேர்ந்து எப்போது விலகினார்கள் என்பது ஆண்டறிக்கையைவிட அதில் ஒழுங்காக இருக்கும். முக்கியமாக, அவர் வீட்டில் பரணை ஒழிப்பதற்கு முன்னால் போய்விடுங்கள்.