முதலில் ஊரைச் சொல்லுங்கள்: ஜெர்மன், யித்திஷ் குடும்பப் பெயர்கள் பற்றிக் கேள்வி பதில்

வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துவிட்டேன். யித்திஷ் என்பது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சு மொழி. ஒரு வேண்டுகோள். "இந்தப் பெயருக்கு என்ன பொருள்?" என்று மட்டும் கேட்காதீர்கள், எந்த ஊர், எந்தக் காலம் என்பதையும் சொல்லுங்கள். அவை இல்லாமல் அகராதியைப் புரட்டுகிறவர்கள் எங்கே போய் விழுகிறார்கள் என்பதைக் கீழே பார்ப்பீர்கள்.

ஊர்சுற்றி: ரோசன்தால், கோல்ட்பெர்க், புளூமன்ஃபெல்ட் என்று யூதப் பெயர்கள் பூவும் பொன்னுமாக இருக்கின்றன. ஆஸ்திரிய அதிகாரிகள் லஞ்சம் வாங்கிக்கொண்டு அழகான பெயர்களை விற்றார்கள், கொடுக்காதவர்களுக்கு அசிங்கமான பெயர்களைச் சூட்டினார்கள் என்று படித்தேன். உண்மைதானா ஐயா?

பதில்: கதை சுவையாக இருக்கிறது. அதனால்தான் இத்தனை காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது.

18ஆம் நூற்றாண்டு வரை மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்களில் பெரும்பாலானவர்களுக்கு நிலையான குடும்பப் பெயர் கிடையாது. ஈசாக்கின் மகன் யாக்கோபு என்றால் "யாக்கோபு பென் ஈசாக்கு". யாக்கோபின் மகனுக்குப் பின்னால் "பென் யாக்கோபு" வரும். நம் இனிஷியல் போலத் தலைமுறைக்குத் தலைமுறை மாறும் ஏற்பாடு அது. வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கான கட்டத்தின் முன் விழித்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

வரி வசூலிக்கவும் படைக்கு ஆள் எடுக்கவும் நினைத்த அரசுக்கு இது பெரும் தலைவலி. 1787 ஜூலை 23 அன்று பேரரசர் இரண்டாம் ஜோசப் ஓர் ஆணை பிறப்பித்தார். 1788 ஜனவரி 1 முதல் ஆஸ்திரியாவை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ஆட்சியில் வாழும் யூதர்கள் அனைவரும் நிலையான ஜெர்மன் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்றது அது. யூதர்கள் ஏராளமாக வாழ்ந்த பகுதி கலீசியா. இன்று போலந்துக்கும் உக்ரைனுக்கும் பிரிந்து கிடக்கிறது. அத்தனை குடும்பங்களுக்கும் குறுகிய காலத்தில் பெயர் வேண்டும். எழுத்தர்கள் கண்டுபிடித்த வழி ஒட்டுவேலை. முன்னால் ரோசன் (ரோஜா), கோல்ட் (பொன்), சில்பர் (வெள்ளி), புளூமன் (பூ), வைன் (திராட்சை மது) என்று ஏதாவது ஒன்று. பின்னால் பெர்க் (மலை), தால் (பள்ளத்தாக்கு), ஃபெல்ட் (வயல்), ஸ்டைன் (கல்), பாம் (மரம்) என்று ஏதாவது ஒன்று. ரோசன்தால் என்றால் ரோஜாப் பள்ளத்தாக்கு. அந்தக் குடும்பம் அப்படி ஒரு பள்ளத்தாக்கைப் பார்த்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

லஞ்சக் கதையைப் பரப்பியதில் 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் கார்ல் எமில் ஃபிரான்சோசுக்குப் பெரும் பங்கு உண்டு. கலீசியப் பெயர்களை ஒன்றுவிடாமல் தொகுத்து ஆராய்ந்த அலெக்சாண்டர் பைடர், இழிவான பெயர்கள் இருந்தது உண்மை, ஆனால் அவை மொத்தத்தில் மிகச் சிறிய பங்கு என்கிறார். எங்கேயும் ஒரு காசு கைமாறவில்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அன்றாடங்காய்ச்சிகளில் எத்தனையோ பேர் "கோல்ட்" என்று தொடங்கும் பெயரோடு இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் எந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்திருப்பார்கள்?

வாசகசாலை: ஜெர்மனில் காட்சே என்றால் பூனை. காட்ஸ் என்ற யூதப் பெயரும் பூனைதானா?

பதில்: இல்லை. "கோகேன் ட்செதெக்", அதாவது நீதியுள்ள குரு என்ற எபிரேயச் சொற்களின் சுருக்கம். குருமார் வழியில் வந்தோம் என்று சொல்லிக்கொள்ளும் குடும்பங்களின் பெயர். அதே போல் சேகல் என்பது லேவியர் (கோவிலில் குருமாருக்கு உதவிய குலத்தார்) மரபைக் குறிக்கும் எபிரேயத் தொடரின் சுருக்கம். யூதர் அல்லாத ஜெர்மானியர் ஒருவருக்குக் காட்ஸ் என்று பெயர் இருந்தால் பூனையைத் தேடலாம், தடையில்லை.

மொழிப்பித்தன்: யித்திஷ் பெயரும் ஜெர்மன் பெயரும் ஒன்றுதானே?

பதில்: கலீசியாவில் ஏறக்குறைய ஒன்று. ஏனென்றால் அங்கே பதிவேடு ஜெர்மனில் இருந்தது. ரஷ்யப் பேரரசில் கதை வேறு. அங்கே 1804ஆம் ஆண்டுச் சட்டம் பெயரைக் கட்டாயமாக்கியது, ஆனால் எந்த மொழியில் என்று வற்புறுத்தவில்லை. யித்திஷ் மொழியின் உடம்பு ஜெர்மானியம். அதற்குள் எபிரேயமும் ஸ்லாவிய மொழிகளும் (போலிஷ், உக்ரேனியம் போன்றவை) கலந்திருக்கின்றன. பெயர்களிலும் அந்தக் கலப்பு அப்படியே தெரியும். தையல்காரர் ஒருவரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஷ்னைடர் என்றால் ஜெர்மனும் யித்திஷும், கிராவெட்ஸ் என்றால் ஸ்லாவியம், போர்ட்னோய் என்றால் ரஷ்யம், ஹயாட் என்றால் எபிரேயம். நான்கு குடும்பங்களும் ஒரே ஊரில் ஒரே தொழிலைச் செய்திருக்கலாம்.

கரிசல்காட்டான்: ஜெர்மனியில் திரும்பிய பக்கமெல்லாம் முல்லர் இருக்கிறார்களே, ஏன்? நாடு முழுக்க மாவரைத்தார்களா?

பதில்: ஜெர்மனியில் மிகப் பரவலான குடும்பப் பெயர் அதுதான். அடுத்து ஷ்மிட், அதாவது கொல்லர். இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. குடும்பப் பெயர்கள் 12ஆம் நூற்றாண்டு முதல் நகரங்களில் தொடங்கி மெல்லக் கிராமங்களுக்குப் பரவின. பெயரின் வேலை ஆளைப் பிரித்துக் காட்டுவது. ஊரே உழவர்களாக இருக்கும் இடத்தில் ஒருவரை "உழவர்" என்று கூப்பிட்டு என்ன பயன்? மாவாலைக்காரர் ஊருக்கு ஒருவர்தான், கொல்லரும் ஒருவர்தான். ஆகவே அந்தப் பெயர்கள் ஒட்டிக்கொண்டன. ஒவ்வோர் ஊரிலும் ஒருவர் என்பதால் நாடு முழுவதும் சேர்த்தால் பெருங்கூட்டம்.

எனக்கு முல்லரைவிடக் கசாப்புக்காரர்களைத்தான் பிடிக்கும். தென்மேற்கில் அவர் மெட்ஸ்கர். கிழக்கே ஃபிளைஷர். வடக்கே பழைய நகரங்களில் க்னோகன்ஹாவர், எலும்பு வெட்டுபவர். ஆஸ்திரியப் பக்கம் ஃபிளைஷ்ஹாக்கர். குயவரும் அப்படித்தான்: தெற்கே ஹாஃப்னர், கிழக்கே டொப்ஃபர், ஹெஸ்ஸே பகுதியில் ஆய்லர். கணித மேதை ஆய்லரின் பெயர் நினைவுக்கு வரலாம். அவர் சுவிட்சர்லாந்தின் பாசலில் பிறந்தவர். ஆகவே ஹெஸ்ஸேக் குயவரை அவர் தலையில் கட்டாதீர்கள். ஊரைக் கேட்கச் சொன்னது இதற்காகத்தான்.

சிவப்புத்துண்டு: தோழர் மார்க்சின் குடும்பப் பெயருக்கு என்ன மூலம்?

பதில்: அவருடைய தாத்தாவின் சொந்தப் பெயர். டிரியர் நகரில் யூத குருவாக இருந்த மோர்தெகாய், பேச்சு வழக்கில் மார்க்ஸ் லேவி. மார்க்ஸ் என்பது மார்க்குஸ் என்ற பெயரின் சுருக்கம். ஜெர்மன் யூதர்கள் மோர்தெகாய்க்கு இணையாக வெளியுலகில் வழங்கியது. பேரன் கார்ல் பிறந்த 1818இல் டிரியர் பிரஷ்யாவிடம் இருந்தது. அதற்குப் பத்தாண்டு முன்பு அது பிரான்சின் கையில். 1808இல் நெப்போலியன் யூதர்களுக்கு நிலையான பெயரைக் கட்டாயமாக்கியபோது, பழைய ஏற்பாட்டுப் பெயரையோ ஊர்ப் பெயரையோ புதிதாகக் குடும்பப் பெயராக எடுக்கக்கூடாது என்று தடையும் போட்டார். இந்தக் குடும்பத்தில் லேவி போய் மார்க்ஸ் நின்றது.

விண்மீன்: கருந்துளை பற்றிப் படிக்கும்போது ஷ்வார்ட்ஸ்ஷில்ட் ஆரம் வருகிறது. ரோட்ஷில்ட் குடும்பத்துக்கும் இந்தப் பெயருக்கும் தொடர்பு உண்டா?

பதில்: தெரு ஒன்றுதான். ஃபிராங்ஃபர்ட் யூதர் தெருவில் வீட்டு எண்கள் வருவதற்கு முன் வீட்டுக்கு வீடு அடையாளப் பலகை இருந்தது. ரோட்ஷில்ட் சிவப்புக் கேடயம், ஷ்வார்ட்ஸ்ஷில்ட் கருப்புக் கேடயம். ஆட்லர் கழுகு, ஷிஃப் கப்பல். சிவப்புக் கேடய வீட்டை 16ஆம் நூற்றாண்டில் கட்டிய குடும்பம் பின்னால் வேறு வீட்டுக்குக் குடிபெயர்ந்தும் பெயரை விடவில்லை. ரோட்ஷில்ட் வங்கியை நிறுவிய மாயர் ஆம்ஷெல் பிற்காலத்தில் வாழ்ந்தது பச்சைக் கேடய வீட்டில்! 1873இல் ஃபிராங்ஃபர்ட்டில் பிறந்த இயற்பியலாளர் கார்ல் ஷ்வார்ட்ஸ்ஷில்டின் "கருப்பு" கருந்துளைக்குப் பொருந்திப்போனது முழுக்க முழுக்கத் தற்செயல்.

மணிமேகலை: தாயின் பெயரிலிருந்து வந்த குடும்பப் பெயர்கள் ஐரோப்பாவில் உண்டா?

பதில்: நிறைய உண்டு, அதுவும் ஒரே வட்டாரத்தில் குவிந்து. இன்றைய பெலாரசின் கிழக்குப் பகுதியில், மொகிலேவ் பக்கம், யூதர்களிடையே ரிவ்காவிலிருந்து ரிவ்கின், துவோராவிலிருந்து துவோர்கின், சோராவிலிருந்து சோர்கின், மால்காவிலிருந்து மால்கின். பெண் கடையை நடத்தினாள், ஆண் வேதம் படித்தான், அதனால் அவள் பெயர் வந்தது என்று ஒரு விளக்கம் சொல்வார்கள். அந்த ஏற்பாடு கிழக்கு ஐரோப்பா முழுவதும் இருந்ததே, பெயர்கள் மட்டும் ஏன் ஒரே இடத்தில் குவிய வேண்டும்? ரஷ்யப் பகுதிகளில் பெயர்களைப் பதிந்து கொடுத்தது உள்ளூர் யூத சமூக நிர்வாகம். ஒரு வட்டார நிர்வாகம் ஒரு பாணியைப் பிடித்துக்கொண்டால் எல்லோருக்கும் அதுதான். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

வாசகசாலை: மறுபடியும் நான்தான். ஹோரோவிட்ஸ், குரேவிச் இரண்டும் ஒன்று என்கிறார்களே?

பதில்: ஒன்றுதான். பொகீமியாவில் (இன்றைய செக் நாட்டின் ஒரு பகுதி) ஹொர்ஷோவிட்சே என்ற ஊரிலிருந்து வந்த பெயர். ரஷ்ய எழுத்தில் "ஹ" கிடையாது. ஹாம்பர்க்கையே காம்பர்க் என்று எழுதுவார்கள். எழுத்துக்கூட்டலை வைத்து உறவையும் பகையையும் முடிவு செய்யாதீர்கள்.

கடலோரம்: தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், தஞ்சாவூர் ஷ்வார்ட்ஸ், சென்னை ஃபப்ரீசியுஸ்: இந்த ஜெர்மன் மதபோதகர்களின் பெயர்களைப் பற்றியும் சொல்லுங்கள் ஐயா.

பதில்: மூவரும் மூன்று வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கின் பெயருக்கு நேர்ப்பொருள் ஆட்டுத்தோல். தோல் தொழிலோடு ஒட்டிய பட்டப்பெயராக இருக்க வாய்ப்பு அதிகம். சரபோஜி மன்னருக்குப் பாதுகாவலராக இருந்த ஷ்வார்ட்சின் பெயர் "கருப்பு". குட்டை, நெட்டை, சுருட்டை என்பவற்றைப் போல, எவரோ ஒரு முன்னோரின் தலைமுடி நிறம்.

ஃபப்ரீசியுஸ் இன்னும் சுவையானவர். 1779இல் தமிழ் அகராதி வெளியிட்டவர், பைபிளைத் தமிழில் பெயர்த்தவர். அவருடைய குடும்பப் பெயர் லத்தீன்; ஃபாபர் என்றால் கொல்லர். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கல்விமான்களுக்குத் தங்கள் பெயரை லத்தீனிலோ கிரேக்கத்திலோ மாற்றிக்கொள்ளும் மோகம் பிடித்தது. ஷ்னைடர் சர்டோரியுஸ் ஆனார், ஃபிஷர் பிஸ்கேட்டர் ஆனார். மதச் சீர்திருத்தம் செய்த லூதரின் கூட்டாளி ஷ்வார்ட்ஸெர்ட், அதாவது கருமண், கிரேக்கத்தில் மெலாங்க்தோன் ஆகிவிட்டார். கவிஞர் கேத்தேயின் தாய் பிறந்த டெக்ஸ்டர் குடும்பமும் முன்பு நெசவாளர் என்று பொருள்படும் வேபர்தான். ஆகவே ஃபப்ரீசியுஸ் என்ற பெயரைக் கண்டால், பின்னால் ஒரு ஷ்மிட் ஒளிந்திருக்கிறாரா என்று பாருங்கள்.

அமெரிக்க மாப்பிள்ளை: என் மனைவியின் கொள்ளுத்தாத்தா பெயரை நியூயார்க் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலைய அதிகாரி மாற்றிவிட்டாராம். அவர்கள் வீட்டில் அடித்துச் சொல்கிறார்கள்.

பதில்: பல வீடுகளில் அடித்துச் சொல்வார்கள். 1892இல் திறந்த எல்லிஸ் தீவில் அதிகாரிகள் புதிதாகப் பெயர் எழுதவில்லை. ஹாம்பர்க், பிரேமன் போன்ற துறைமுகங்களில் கப்பல் நிறுவனம் எழுதிக் கொடுத்த பட்டியலோடு ஆளைச் சரிபார்த்தார்கள், மொழிபெயர்ப்பாளர்களும் இருந்தார்கள். பெயரை மாற்றியவர்கள் பெரும்பாலும் வந்தவர்களே, வேலைக்காகவும் பள்ளிக்காகவும், பின்னால். பியானோ செய்த ஸ்டைன்வெக் குடும்பம் 1850இல், அந்தத் தீவு நிலையம் இல்லாத காலத்திலேயே வந்து ஸ்டைன்வே ஆனது. யூதர் ஒருவர் பதற்றத்தில் "ஷோய்ன் ஃபர்கெசன்" (மறந்தே போச்சு) என்று யித்திஷில் சொல்ல, அதிகாரி "ஷான் ஃபெர்குசன்" என்று எழுதிக்கொண்டார் என்பது நகைச்சுவைத் துணுக்கு. சிரிக்கலாம், வம்சாவளியில் சேர்க்க வேண்டாம்.

பெயரிலி: பெயரை வைத்து ஒருவர் யூதரா என்று சொல்லிவிட முடியுமா?

பதில்: முடியாது. ஆல்ஃபிரட் ரோசன்பெர்க் நாஜிக் கொள்கையாளர்; 1946இல் நியூரம்பெர்க்கில் தூக்கிலிடப்பட்டவர். ஷ்வார்ட்ஸ், கிளைன், வைஸ், வொல்ஃப் எல்லாம் இரு பக்கமும் உண்டு. மையர் என்பது ஜெர்மானியர்களிடம் பண்ணை நிர்வாகி, யூதர்களிடம் பல சமயம் மெயிர் என்ற எபிரேயப் பெயர். நாஜி அரசுக்கே இது எட்டவில்லை. 1938 ஆகஸ்டில் போட்ட ஆணையில், யூதப் பெயர்ப் பட்டியலில் இல்லாத சொந்தப் பெயர் கொண்ட யூத ஆண்கள் "இஸ்ரயேல்" என்றும் பெண்கள் "சாரா" என்றும் 1939 ஜனவரி முதல் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றார்கள். குடும்பப் பெயரே காட்டிக்கொடுத்திருந்தால் அந்த ஆணைக்குத் தேவை என்ன?

ஊர்சுற்றி: கடைசியாக ஒன்று. மவுண்ட்பேட்டன் ஜெர்மன் பெயர் என்கிறார்களே?

பதில்: பாதி. ஹெஸ்ஸேயில் பாட்டன்பெர்க் என்று ஒரு சிற்றூர். அந்தஸ்து குறைந்த குடும்பத்திலிருந்து ஹெஸ்ஸே இளவரசரை மணந்த ஜூலியா ஹவுக்கேக்கு அந்த ஊரின் பெயரில் பட்டம் கொடுத்தார்கள். பிள்ளைகளுக்கும் அதுவே பெயரானது. அந்தப் பிள்ளைகளில் ஒருவர் பிரிட்டிஷ் கடற்படையில் உயர்ந்தார். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன் பிறப்பு உறுத்தியதால் 1914இல் பதவி விலக நேர்ந்தது. 1917இல் அரச குடும்பமே விண்ட்சர் என்று பெயர் மாற்றியபோது, இவர் "பெர்க்"கை "மவுண்ட்" ஆக்கி முன்னால் கொண்டுவந்தார். அவர் மகன்தான் 1947இல் டெல்லியில் இருந்தவர்.