பார்க்கின்சன் நோயில் மறதி: அக்குபங்சர் பலன் தருமா?

கேள்வி: எனது தந்தைக்கு 71 வயது. ஆறு ஆண்டுகளாகப் பார்க்கின்சன் நோய்க்குக் குளிசை எடுத்து வருகிறார். சில மாதங்களாகக் கடைக் கணக்கைக் கூட்டத் தடுமாறுகிறார். பேச்சைப் பாதியில் விட்டுவிடுகிறார். அக்குபங்சர் செய்தால் ஞாபகசக்தி திரும்பும், குளிசைகளையும் நிறுத்திவிடலாம் என்று ஒருவர் சொல்கிறார். செய்யலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: இரண்டாவது விடயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குளிசைகளை நிறுத்த வேண்டாம். பார்க்கின்சன் நோய்க்கான முக்கிய மருந்தாகிய லெவோடோபாவைத் திடீரென நிறுத்தினால் உடல் இறுகி, கடுங்காய்ச்சலும் நினைவு மயக்கமும் ஏற்பட்டு, உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

உங்கள் தந்தையாருக்கு ஏற்பட்டிருப்பது இந்த நோயில் நாம் அடிக்கடி காண்பதுதான். மூளையில் டோபமின் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் அழிவதால் நடுக்கமும் இறுக்கமும் வருகின்றன. ஆனால் கவனத்துக்கும் சிந்தனை வேகத்துக்கும் தேவையான அசற்றைல்கோலின் என்ற இரசாயனமும் காலப்போக்கில் குறைந்துபோகிறது. அதனால் பழைய நினைவுகள் அழிவதைவிட, ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யவேண்டிய வேலைகளில்தான் முதலில் தடுமாற்றம் தெரியும். கணக்கில் பிழைவிடும் அதே மனிதர், கடனுக்குச் சாமான் வாங்கியவரின் பெயரில் முதலெழுத்தைச் சொன்னதும் மீதியைத் தானே சொல்லிவிடுவார்.

அக்குபங்சரில் இதற்காக உச்சந்தலையிலும் அதைச் சுற்றியும் மெல்லிய ஊசிகளைக் குத்துவார்கள். பார்க்கின்சன் நோயாளர்களின் அறிவாற்றல் பற்றி இதுவரை வந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை. பலவற்றில் போலி ஊசியுடன், அதாவது சிகிச்சை போலத் தோன்றினாலும் உண்மைச் சிகிச்சை அல்லாத ஊசியுடன், ஒப்பிட்டும் பார்க்கவில்லை. போலி ஊசி ஏன் தேவை என்று நீங்கள் கேட்கலாம். 2001ஆம் ஆண்டு கனடாவில் நடந்த ஓர் ஆய்வில், மருந்தே இல்லாத ஊசியை மருந்தென்று எதிர்பார்த்துப் போட்டுக்கொண்ட பார்க்கின்சன் நோயாளர்களின் மூளையில் டோபமின் உண்மையாகவே சுரந்ததைப் படமெடுத்துக் காட்டினார்கள். எதிர்பார்ப்புக்கே இவ்வளவு பலன் உண்டாகும் ஒரு நோயில், சிகிச்சை முடிந்து வந்தவர் தெளிவாகப் பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து ஊசி வேலை செய்தது என்று சொல்லிவிட முடியாது. ஞாபகசக்தி திரும்பும் என்று உறுதியளிப்பவர், சான்று இல்லாத ஒன்றையே உறுதியளிக்கிறார்.

ஊசியைப் பற்றி யோசிக்கும் முன்னர் வீட்டிலுள்ள குளிசைப் பையை எடுத்துப் பாருங்கள். நடுக்கத்துக்காகக் கொடுக்கப்படும் பென்செக்சோல் அதில் இருக்கிறதா? அது அசற்றைல்கோலினின் வேலையைத் தடுக்கும் மருந்து. முதியவர்களில் மறதியையும் குழப்பத்தையும் கூட்டும். மறதிக்கென்று கொடுக்கப்படும் ரிவாஸ்டிக்மினோ அதே அசற்றைல்கோலினைக் கூட்டுவது. ஒரே ஆள் இரண்டையும் எடுப்பது, வண்டியின் முன்னும் பின்னும் மாட்டைப் பூட்டி எதிரெதிராக இழுக்கவிடுவது போன்றது. சில தூக்கக் குளிசைகளும், சலம் அடிக்கடி போவதைக் கட்டுப்படுத்தும் சில மருந்துகளும் இவ்வாறே செய்யும். எதையும் நீங்களாகக் குறைக்காமல், பையை அப்படியே கிளினிக்குக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். இரத்தத்தில் விற்றமின் பி12, தைரொயிட் அளவுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். மனச்சோர்வு இருக்கிறதா என்றும் கேளுங்கள், ஏனெனில் பேசாமல் ஒதுங்கியிருப்பதை மறதி என்றே வீட்டார் எடுத்துக்கொள்வது வழக்கம். ரிவாஸ்டிக்மின் ஓரளவு உதவும். ஆனால் குமட்டல் வரலாம், நடுக்கம் சிலருக்குக் கூடலாம், நாடித்துடிப்பு குறையலாம். ஆகவே அதை வைத்தியரின் கண்காணிப்பிலேயே தொடங்க வேண்டும்.

மாற்று வைத்தியம் என்றதும் இன்னொன்றையும் சொல்லத் தோன்றுகிறது. நாட்டு மருந்தில் சேரும் பூனைக்காலி வித்தில் இயற்கையாகவே லெவோடோபா உண்டு. குளிசையோடு அதையும் எடுத்தால் அளவு கூடி, இல்லாத ஆட்கள் கண்ணில் தெரியத் தொடங்கலாம். தந்தையார் அப்படி ஏதும் எடுக்கிறார் என்றால் வைத்தியரிடம் மறைக்க வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் தோள் இறுக்கத்துக்காகவோ மன ஆறுதலுக்காகவோ அக்குபங்சர் செய்ய அவர் விரும்பினால், நான் தடுக்கமாட்டேன். பயிற்சி பெற்றவரிடம், ஒரு தடவை மட்டும் பாவிக்கும் ஊசிகளைக்கொண்டு செய்யவேண்டும். இரத்தத்தை இளக்கும் மருந்து எடுப்பவர் என்றால் முன்கூட்டியே சொல்லவேண்டும். இதயத்துக்கோ மூளைக்கோ மின்கருவி பொருத்தியிருந்தால் ஊசியில் மின்சாரம் பாய்ச்சும் முறைக்குச் சம்மதிக்கக் கூடாது. கைகால் நடுங்கும்போது ஊசி வளையவோ ஆழமாக இறங்கவோ கூடும் என்பதால், குளிசை நன்றாக வேலைசெய்யும் நேரத்தில் கூட்டிச் செல்லுங்கள்.

மறதி மாதக்கணக்கில் மெதுவாகக் கூடினால் அடுத்த கிளினிக் வரை பொறுக்கலாம். ஓரிரு நாட்களுக்குள் திடீரெனக் குழம்பினாலோ, இரவு பகல் தெரியாமல் பேசினாலோ, அது பெரும்பாலும் சலத்தில் தொற்று, நீர் வற்றுதல், மலச்சிக்கல் போன்ற ஒன்றின் விளைவாக இருக்கும். அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.